சேகரித்த இடம்

பாலிக் பூலாவில் எள் விளையாது என்றார்கள்.
மழை அதிகம். மண்ணுக்கு ஜாதிக்காய்ப் பழக்கம்.
விளைய வேண்டாம், வேறுபட்டால் போதும் என்று
பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே
நாற்பத்திரண்டு வரிசை விதைத்தோம்,
நானும் ஹஃபீசாவும்.

முதல் பூ எந்த நாள்.
காயில் அறை நான்கா, எட்டா.
தண்டில் மயிர் உண்டா, விரலை ஓட்டிப் பார்.
ஆயிரம் விதை எண்ணி நிறு.
எண்ணும்போது யாரும் பேசக் கூடாது.
ஆ கியோங் பேசுவார். அறுநூற்றுச் சொச்சத்தில்
எப்போதும் அவருக்கு டுரியான் விலை நினைவு வரும்.
மறுபடி ஒன்றிலிருந்து.

இலை அரைத்து, மரபிழை பிரித்து
ஜெல்லில் ஓடவிட்ட இரவு
பட்டைகள் ஒளிர்ந்தன.
ஒன்பதும் பதினான்கும் ஒரே செடி.
இரண்டு ஊர், இரண்டு பெயர்,
எங்களுடையதுதான் பழையது என்று
இரு தரப்பும் சத்தியம் செய்த விதை.
கறுப்பு எள் என்று ஒரே பெயரில் வந்த மூன்றோ
ஒன்றுக்கொன்று முகமே தெரியாதவை.

வரிசை நாற்பத்து மூன்றைப் பற்றி
இன்னும் சொல்லவில்லை.

தஞ்சோங் பூங்காவில், தம்பிக்கு
எள்ளும் தண்ணீரும் நான்தான் இறைத்தேன்.
பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.
ஐயர் ஒன்றும் சொல்லவில்லை.
ஈரக் கையில் ஒட்டிக்கொண்ட ஏழு விதை
கைப்பையின் தையலில் காய்ந்து கிடந்து
சாவி தேடிய ஒரு நாள் விரலில் பட்டது.
இதை விஞ்ஞானம் என்று சொல்ல முடியாது.
ஊன்றினேன். நான்கு முளைத்தன.

கிளைப்படத்தில் மற்றதெல்லாம்
எள் விழ இடமில்லாமல் இரண்டு கொத்தாய் நிற்க,
நாற்பத்து மூன்று தனியாக
தாளின் விளிம்பில்.
வேரழுகல் வந்த வாரம்
வாடாமல் நின்றதும் அது மட்டும்.
கலப்புக்கு இதைத்தான் எடுக்கணும் என்றாள் ஹஃபீசா.
ஒரே குறை, காய் வெடிக்கும்.

எங்களுக்கு வேண்டியது
அறுவடை இயந்திரம் வரும்வரை
வாய் திறக்காத காய்.
தம்பியிடம் ஒரு ரகசியம்
ஒரு ராத்திரி தங்கியதில்லை.

சனிக்கிழமை உறை மாட்டலாம் என்று தள்ளிப்போட்டேன்.
வெள்ளி மதியம் அப்படி ஒரு வெயில்.
நுனி பிளந்து, விதையெல்லாம் தரையில்.
மண்டியிட்டுப் பொறுக்கினோம், மண்ணும் கறுப்பு.
நூற்றுப் பதினொன்று.
அன்று மட்டும் ஆ கியோங் பேசவில்லை.

குளிரறைப் படிவம்.
ரகத்தின் பெயர்: இல்லை.
சேகரித்த இடம்: கடற்கரை.
கடல்மட்டத்திலிருந்து உயரம்: பூஜ்யம்.
கொடுத்தவர்:

பேனா நின்றது.
காலியாய் விட்டால் வாங்கமாட்டார்கள் என்றாள் ஹஃபீசா,
உறையில் பசை தடவிக்கொண்டே.

அடையாள அட்டையில் இருந்தபடி எழுதினேன்:
புகழேந்தி த/பெ மாசிலாமணி.
தொடர்பு எண்: என்னுடையது.