ஒரு தகட்டின் அளவு

ஐந்து சந்தியில் ஜவ்பரின் பழைய இரும்புக் கடை.
நான் தேடிப் போனது ஒரு கொண்டி.
தராசுத் தட்டில் கிடந்தது சீவுளி,
கார் ஜாக்குக்கும் தையல் மெசின் காலுக்கும் நடுவில்,
வாய் முழுக்கத் துரு.
"ரெண்டு கிலோ வராது, ஐந்நூறு தாங்கோ.
வீட்டில ஆரும் ஓடாவியோ?"
இல்லை. கதவு.

ஐப்பசியில் ஊதியது அது.
பாலை மரம்; இரண்டாம் மழையோடு
நிலையைக் கவ்விக்கொண்டது.
நான் உள்ளிருந்து இழுக்க,
அஞ்சலீனா அக்கா வெளியே நின்று தோளால் இடிக்க,
பாசையூர் முழுத் தெருவுக்கும் தெரியும்
நான் வேலைக்குப் போகும் நேரம்.
வீட்டுக்காரர் ஸ்காபரோவிலிருந்து குரல் அனுப்பினார்:
"மழைக்கு ஊதும், வெயிலுக்கு இறங்கும்,
சும்மா விடுங்கோ பிள்ளை."

விடவில்லை.
ஐஸ்கிரீம் பெட்டி நிறையப் பனை விநாகிரி.
அலகும் மேல்தகடும் நாலு திருகாணியும்
இரவு முழுக்கக் குமிழ் விட்டுக் கிடந்தன.
விடியத் தேய்த்தால்
பழைய பல்துலக்கியில் செம்மண்,
அதன் கீழே சாம்பல்,
சாம்பலின் கீழே, ஒரு கிழமை கழித்து,
என் மூக்கு.

அடியில் பென்சிலால் கோடு கிழித்து
ஜன்னல் கண்ணாடி மேல் அரத்தாள் விரித்து
போய் வர, போய் வர.
கோடு அழிந்த இடம் மேடு,
அழியாத இடம் பள்ளம்.
வாய்க்கு முன்னால் நகமளவு பென்சில்
மூன்று இரவு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அலகு படுக்கும் இடத்தில், துருவுக்கும் கீழே,
ஒரு மடித்த தகடு.
மண்ணெண்ணெயில் துடைக்க நீலம் வந்தது,
பிறகு ஒரு பசுவின் பின்னங்கால்கள்.
பால்மா ரின்.
யாரோ அரைகுறை வேலைகாரன் என்று நினைத்தேன்.
சாமான் வராத காலமாக இருக்கலாம் என்றும் நினைத்தேன்.
இரண்டையும் நினைத்துக்கொண்டே
குப்பையில் போட்டேன்.

அலகு அதிர்ந்தது.
மாம்பலகையில் படிக்கட்டுப் படிக்கட்டாய்த் தடம்.
கல்லைத் திட்டினேன், கையைத் திட்டினேன்,
பதினொரு மணிக்குக் குப்பைவாளியைக் கவிழ்த்து
வெங்காயத் தோலுக்குள் பசுவின் கால்களைத் தேடினேன்.
கழுவி, இருந்த இடத்தில் வைத்து,
மறுபடி தள்ள
புதுச் சீலை கிழியும் சத்தம்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என் வேலை
கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தத்தை
வெளிச்சம் புகும் மெல்லிசுக்கு இழுப்பது.
இருபத்தொரு வருடம்.
தடித்தால் ஒன்றில் ஒன்று ஏறிக்கொண்டு
எந்தக் கலமும் தன்னைச் சொல்லாது.
அன்றிரவு வந்த சீவலை
மின்கட்டணச் சீட்டின் மேல் வைத்தேன்.
கட்ட வேண்டிய தொகையை வாசிக்க முடிந்தது.
மறுநாள் அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்ததை
ஒருவருக்கும் சொல்லவில்லை.
வரிசை வரிசையாய்க் குழாய்கள்,
எல்லாம் திறந்தபடி,
ஒன்றிலும் இரத்தம் இல்லை.

கதவைக் கழற்ற அக்காவின் மகன் றொபின்சன் வந்தான்.
விளிம்பில் முப்பது தள்ளல்.
கணுக்கால் வரை சுருள்.
"காணும், நிப்பாட்டும்" என்றாள் அக்கா.
அப்படி வெட்டும்போது
எந்தக் கை நிற்கும்?
இன்னும் பத்து.
கதவு ஒற்றை விரலுக்கு மூடியது.
அன்று தெருவுக்குத் தெரியாமல் வேலைக்குப் போனேன்.

பங்குனியில் இறங்கியது.
நிலைக்கும் கதவுக்கும் நடுவில்
நேராய் ஒரு வெளிச்சக் கோடு,
அதன் வழியே ஒரு பல்லி,
கருவாட்டு மணம்.
கொண்டி துளைக்கு எட்டவில்லை.
இரவில் மூன்று தரம் காற்று வந்து
தானே திறந்து தானே சாத்திப் போனது.

ஸ்காபரோவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை.
ரின் ஒன்று முடிய மூன்று கிழமை
தேவைக்கு மேல் தேநீர் குடித்தேன்.
கத்தரித்து, மடித்து,
பிணைச்சலின் பின்னால் செருகித் திருகினேன்.
அந்த அளவுக்குக் கதவு நகர்ந்தது.
கொண்டி விழுந்தது.

மாட்டின் எந்தப் பகுதி உள்ளே போனதென்று பார்க்கவில்லை.
ஐப்பசி பிறக்க முன் கழற்ற வேண்டும்.
கலண்டரில் குறித்திருக்கிறேன்,
பென்சிலால்.