நீல நாடா

அளவையாளர் வந்துபோன மறுநாள்
சிட்னி ஓரத்து யூக்கலிப்டஸ் காட்டில்
கழிகளில் கட்டிய நீல நாடாக்களைக் காணோம்.
வீடு கட்டப்போகும் கம்பெனி
எங்கள் குழுமேல் புகார் கொடுத்தது.

பஸ் ஓட்டும் டெசிமா சத்தியமே செய்தாள்.
நான் வாய் திறக்கவில்லை.
ஒன்றை அவிழ்த்தது நான்தான்.
ஒன்றே ஒன்று.

ஞாயிறன்று களை பிடுங்கப் போனோம்,
பதினோரு பேர்.
உண்ணிப் புதருக்குப் பின்னால்
குச்சி நட்டு வளைத்த சின்னப் பந்தல்.
வாசலில் பாட்டில் மூடி, பேனா மூடி,
கிளிச்சிறகு,
குவியலாய் நாடாக்கள்.
கருநீலப் பறவையொன்று
கிளையிலிருந்து எங்களைப் பார்த்தது,
மாப்பிள்ளை முறுக்கோடு.

சிரித்துச் சிரித்து டெசிமா எண்ணினாள்:
"முப்பத்தாறு.
கழி முப்பத்தேழாச்சே?"

எல்லோரும் படமெடுக்கப் போன் தேடுகையில்
பையிலிருந்ததை
பந்தல் வாசலில் வைத்தேன்.
அது உடனே வந்து
சற்றே இடப்பக்கம் நகர்த்தி வைத்தது.