மற்றவை

சோனாங்குப்பத்துத் தேசப்பன் நேற்று
பதினோரு மணிக்கு வந்து உட்கார்ந்தார்.
வலை கிழிஞ்சிருச்சு, எழுதும்மா என்றார்.
விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம்,
சேதத்துக்குக் காரணம்:
புயல். கப்பல். பாறை. பிற படகு. மற்றவை.
எதைத் தொடட்டும் என்றேன்.
அவர் கூரையைக் காட்டினார்.

கூரையின்மேல் எட்டுச் சூரியத் தகடுகள்,
போன தையில் வைத்தது.
காக்கை எச்சம் கழுவப்
புதன்கிழமைதோறும் நான்தான் ஏறுகிறேன்.
அதில் எது கழன்று யார் வலையில் விழுந்தது
என்று பதறிப்போனேன்.
அதுக்கும் மேல, என்றார்.

இருபது பாகத் தண்ணீரில் வலை கனத்திருக்கிறது.
ஆறு பேர் இழுத்தும் அசையவில்லை.
சுறா என்றானாம் ஒருவன்,
முழுகின தோணி என்றானாம் இன்னொருவன்.
வந்தது ஒரு வெள்ளை உருளை,
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நாலைப்
படுக்கவைத்த நீளம்,
ஒரு முனை கருகி.
ஒரு கொட்டலசுகூடப் பிடிக்கவில்லை அதில்,
கடலுக்கு அவ்வளவு புதுசு.

பத்து நாள் முந்தி நானும் பார்த்தேன் அதை,
தேவனாம்பட்டினம் மணலில் நின்று.
வடக்கே, ஸ்ரீஹரிகோட்டா பக்கம்,
ஈரத் தீக்குச்சி ஒருவழியாகப் பற்றினமாதிரி ஒரு கீற்று.
சுண்டல்காரர் தூக்கை இறக்கிவைத்துக் கைதட்டினார்.
என் மகள் அப்போதுதான் பத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.
அவள் பூஜ்யத்துக்கு வந்தபோது
வானத்தில் புகை மட்டும், அதுவும் கோணிக்கொண்டு.
என் பேட்டரி வண்டியில் ஒன்பது சதவீதம்.
கெடிலம் பாலம் ஏறுமா என்கிற கவலையில்
நான் கைதட்டவில்லை.

அந்த வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும்.
இரவு பத்துக்கு நான் செருகுகிற நேரம்
என் தம்பி நெய்வேலிக்கு பஸ் ஏறுவான், மூன்றாம் ஷிப்ட்.
உன் வண்டி என் முதுகுல ஓடுதுக்கா, என்பான்.
புகையில்லா ஊர்தி என்று
பச்சை எழுத்தில் ஒட்டியிருக்கிறது அதன் நெற்றியில்.
அவன் பனியனைத் துவைத்தவளுக்குத் தெரியும்
புகை எங்கே போயிருக்கிறதென்று.

அவங்ககிட்டயே கேட்கலையா, என்றேன் தேசப்பனிடம்.
கேட்டேன்மா. ஒரு பையன் வந்தான், கண்ணாடி போட்டவன்.
உருளையைச் சுத்திச் சுத்தித் தடவினான்.
அண்ணே, இது கச்சிதமா எரிஞ்சிருக்குண்ணே,
இப்படித்தான் விழணும்னு சொன்னான்.
அவ்வளவு சந்தோஷம் அவன் மூஞ்சில.
அந்த நேரத்துல வலையைப் பத்திப் பேச வாய் வரல.
பதினாறு பேர் லாரியில ஏத்திவிட்டோம்.
எல்லாருக்கும் டீ சொன்னான்.
அப்புறமாத்தான் கேட்டேன்.
வலை வேற டிபார்ட்மெண்ட்டுன்னான்.

திட்டத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன்.
அவரோ கொஞ்சம் யோசித்துச் சொன்னார்:
போன ஐப்பசியில படகுப் பெட்டி கத்துச்சு, கரைக்குத் திரும்புன்னு.
திரும்புனோம். அன்னைக்கு ராத்திரிதான் காத்து.
அந்தப் பெட்டிக்குச் சொன்னதும்
இது மாதிரி ஒண்ணு மேல ஏத்திவிட்டதுதானாம்.
நாப்பதாயிரம் ரூபாய் வலைம்மா. ஆனாலும்.

ஆனாலும் என்பதற்குக் கட்டம் இல்லை.
மற்றவையைத் தொட்டேன்.
விவரம், முப்பது எழுத்துக்குள், என்றது கணினி.
மேலிருந்து விழுந்தது, என்று அடித்தேன்.
புகைப்படம் கேட்டது.
அவர் போனில் ஒன்றுதான் இருந்தது:
உருளைமேல் கை போட்டுக்கொண்டு
ஆறு பேரும் சிரிக்கிறார்கள், மாப்பிள்ளைத் தோழர்கள்போல.
கிழிந்த வலை காலடியில், பாதிதான் தெரிகிறது.
அதையே ஏற்றினேன்.

அறுபது நாளில் பதில் வரும் என்றேன்.
அது மேல போய்ச் சேர எவ்வளவு நேரமாம்?
பதினேழு நிமிஷம் என்று போட்டிருந்தான்.
ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
எழுந்திருக்கவில்லை.
போனில் மூணு சதவீதந்தான் இருக்கு, செத்த ஏறட்டுமே, என்றார்.
செருகிக் கொடுத்தேன்.

மின்விசிறிக்குக் கீழே இருவரும் பேசாமல் இருந்தோம்.
கூரையில் டக் டக்கென்று
தகட்டின்மேல் ஒரு காக்கை நடந்துபோனது.
நேற்று புதன்கிழமைகூட இல்லை.