இருபத்தேழாம் கொக்கி

நாலரை மணிக்குப் பலகையை எண்ணினோம்.
ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழலைக்
கறுப்பு மையால் வரைந்து வைத்திருக்கிற பலகை.
இருபத்தேழில் நிழல் மட்டும் தொங்கியது:
நீளக் காம்பு, நுனியில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு வட்டம்.
ஆய்வுக் கண்ணாடி.
தலை போகாத மூலைக்குள் கண்ணை அனுப்புகிற சாமான்.

"ஒருத்தரும் வெளியில போகேலாது" என்றேன்.

இரத்மலானை ஹேங்கரின் தகரக் கூரை
பகல் முழுக்கக் குடித்த வெயிலை
டிக், டிக்கென்று ஆற்றத் தொடங்கியிருந்தது.
நடுவில் எங்கள் பழைய செஸ்னா,
மூக்கில் விசிறி இல்லாமல்,
முன்பல் விழுந்த பிள்ளையைப் போல.
பதினொரு டோர்ச் வெளிச்சம் அதன் வயிற்றுக்குள்.

இருக்கைகளைக் கழற்றினோம்.
தரைத் தகட்டின் அறுபத்திரண்டு திருகாணிகளையும் கழற்றினோம்.
போன வருடத்து மாணவர் யாரோ விட்ட பேனா மூடி,
பல்லி முட்டை ஓடு,
விரல் நீள லொக்வயர்த் துண்டு.
துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
அங்குலத்துக்கு ஏழு முறுக்கு, அழகான முறுக்கு.
யாரோ கவனமாக முறுக்கி
கவனமில்லாமல் வெட்டியிருக்கிறார்.

காலி வீதியில் பாணந்துறை பஸ்கள் கத்திக்கொண்டு போயின.
ருஷ்தா வீட்டுக்கு மூன்றாம் தரம் தகவல் அனுப்பினாள்.
கடல் பக்கத்திலிருந்து உப்புக் காற்று வந்து
அலுமினியத்தை வழக்கம்போல் நக்கியது.
பசிந்து கேட்டான், மரியாதையாகத்தான்:
"மிஸ், இந்த விமானம் இனி ஒருநாளும் பறக்காதே.
பிறகேன் இவ்வளவு?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது.
கட்டுநாயக்கவில் பதினேழு வருட இரவு வேலையில்
தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பதில்.
அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.
நாக்கு போய்க்
கடைவாய்ப் பல்லின் குழியில் பட்டது.

மத்தியானம்.
கழிவறை.
ஜன்னல் கட்டை.
வாயை ஆவென்று பிளந்து
இருபத்தேழாம் கண்ணாடியை உள்ளே விட்டுப்
பல்லைப் பார்த்த பெண் நான்தான்.

உள்ளதைச் சொல்கிறேன், ஒரு முழு நிமிஷம் யோசித்தேன்.
போய் எடுத்து, ஓவரோல் பைக்குள் ஒளித்து வந்து,
சக்கரக் கூட்டுக்குள் கையை விட்டு
"இந்தா கிடக்கு" என்றால் முடிந்தது.
நல்லதொரு பாடமாகவும் ஆகிவிடும்.
கையும் தட்டுவார்கள்.
பதினேழு வருடம் நான் பயந்தது
இயந்திரத்துக்கு அல்ல, ஓர் ஆளுக்கு.
விடியற்காலை மூன்று மணிக்குப்
பார்க்காமலே 'பார்த்தேன்' என்று எழுதுகிற ஆளுக்கு.
அந்த நிமிஷம் அந்த ஆள்
என் சப்பாத்துக்குள் நின்றாள்.

போய் எடுத்து வந்து, எல்லோரும் பார்க்கப் பிடித்து,
எங்கே கிடந்தது என்று சொன்னேன்.
ஏன் என்றும் சொன்னேன்.
யாரும் அசையவில்லை.
திலிணி அதைப் பின்வரிசைக்குச் சிங்களத்தில் சொன்னாள்.
அங்கிருந்துதான் சிரிப்புத் தொடங்கியது.
எனக்கும் வந்தது. வாயைத் திறந்தால் பல் வலித்தது.

பதிவேட்டில் எடுத்தவர்: பத்மலோசனி நவரத்தினம்.
உரிம எண். நேரம் 18.50.
காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தப் பல்' என்று எழுதினேன்.
தலைமை அலுவலகத்துக்கு ஒரு பிரதி போகும். போகட்டும்.
பிறகு திருகாணிகளைத் திரும்பப் பூட்டினோம்.
அறுபத்தொன்று.
மறுபடி எண்ணி, விதுர்ஷனின் காற்சட்டை மடிப்பிலிருந்து
அறுபத்திரண்டு.
பசிந்து தன் கேள்வியைப் பிறகு கேட்கவில்லை,
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

காலையில் இருபத்தேழாம் கொக்கியில்
கண்ணாடியோடு சேர்த்து
ஒரு சின்னப் பொலித்தீன் பை தொங்கியது.
உள்ளே கராம்பு.
கழுத்தில் கட்டிய பச்சை அட்டையில்
'பாவனைக்கு உகந்தது' என்று தட்டச்சு எழுத்து.
கையொப்பம் இல்லை.

"யார்?" என்றேன்.
பதினொரு முகமும் பலகையைப் பார்த்தன.
கையொப்பம் இல்லாத பொருளை ஏற்கக் கூடாதென்று
முதல் வாரமே சொல்லிக் கொடுத்தவள் நான்.
அட்டையைத் திருப்பி, என் பெயரை எழுதி,
ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக்கொண்டு,
நாக்குக் குழற
லொக்வயர்ப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.