வெறும் மண்ணை மோந்து பார்ப்பது

வால் ஆடியது. அதை நம்பிக் கிட்டே விட்டேன்.
கழுத்துக்குக் கீழே நான்கு தையல்.

மொச்சைக்கு அப்போது பத்து மாதம்.
காட்பாடி ரயிலடியில் யாரோ போட்ட இட்லிப் பொட்டலத்துக்குள்
தலை மாட்டிக்கொண்டு கிடைத்த குட்டி.
கவுஸ் பாய் கறிக்கடை வாசலில் படுத்திருக்கும் கறுப்பனை
சத்துவாச்சாரியில் இன்ஸ்பெக்டர் என்பார்கள்.
அவன் வாலும் ஆடத்தான் செய்தது,
கொடிக்கம்பம் மாதிரி விறைத்து நின்று,
நுனி மட்டும் வெடவெடவென்று.
நான் கொடியைப் பார்த்தேன். கம்பத்தைப் பார்க்கவில்லை.

"இன்னாபா, வாலு ஆடிச்சின்னா சிநேகம்னு
யாரு சொன்னாங்க உனுக்கு?"
கால்நடை ஆஸ்பத்திரி எத்திராஜுலு
ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார்.
வீடு வரும்வரை யோசித்தேன்.
யாருமே சொன்னதில்லை.

வெட்கம் வேறு.
பெரிய ஆஸ்பத்திரி எதிர்ச் சந்தில்
லாட்ஜ் வரவேற்பு மேசை, ஒன்பது வருஷமாக.
கல்கத்தா, கவுகாத்தி, அகர்தலாவிலிருந்து வந்து இறங்குகிறவர்கள்
பேசுவதில் எனக்கு 'கொத்தோ' ஒன்றுதான் தெரியும். எவ்வளவு என்று அர்த்தம்.
ரிப்போர்ட் உறையை மார்போடு அணைத்து வருகிறவர்
இன்னும் ஒரு மாசம் அறையைக் கேட்பார்.
சுருட்டித் தொடையில் தட்டிக்கொண்டு வருகிறவருக்கு
மறுநாள் காலைக்கே கணக்கு முடித்து வைப்பேன்.
இதுவரை தப்பியதில்லை.
உடம்பைப் படிக்கத் தெரிந்தவன் என்ற நினைப்பு.

தையல் ஆறும்வரை மாடியிலிருந்து தெருவைப் பார்த்தோம்,
அவனும் நானும்.
நேராக வந்தால் வம்பு என்று பொருள்.
நல்லபடி வருகிறவன் வளைந்து வருகிறான்,
எதையோ மறந்து வைத்தவன்போல
புங்கமரத்தைச் சுற்றிக்கொண்டு, விலாப் பக்கமாக.
வந்து நின்று கொட்டாவி விடுகிறான்.
தூக்கம் வந்து அல்ல; கொஞ்சம் பயம்.
நாக்கு மூக்கைத் தொட்டுத் திரும்புகிறது.
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.
எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இதைச் செய்தால்
இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நிற்கும்.
இங்கே அதுதான் வணக்கம்.
ஒருவன் வெறும் மண்ணை மும்முரமாக மோந்தால்
மண்ணில் ஏதும் கிடையாது.
எதிரே நிற்பவனுக்கு அவகாசம் கொடுக்கிறான்.

முன்னங்கால் மடக்கிப் பின்புறம் தூக்கினால் விளையாட்டு,
அது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.
நான் தவறவிட்டது வாய் மூடியதை.
இரைத்துக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நிற்கும்.
கண்ணோரம் வெள்ளைப் பிறை.
முதுகு மயிர் ஒரு கோடாக எழும்பும்.
குரைத்தாலாவது நேரம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
நம்பினேன் என்றது பாதிப் பொய்.
நம்பினேன், ஆனாலும் கயிற்றை இறுக்கினேன்.
இழுத்த இழுப்பில் மொச்சையின் தலை உயர்ந்தது,
மார்பு நிமிர்ந்தது.
அவன் சொல்லாத ஒரு வசவை
அவன் உடம்பை வைத்து நான் சொல்லிவிட்டேன்.
இன்ஸ்பெக்டர் பதில்தான் சொன்னான்.

தை மாதம், ராத்திரி டூட்டி முடிந்த காலை.
தண்ணீர் இல்லாத பாலாற்று மணலில்
இன்ஸ்பெக்டர் தனியாக நின்றிருந்தான்.
காக்க கடையில்லை, வாசல் இல்லை.
மூடிய என் வாயை முதலில் திறந்துகொண்டேன்.
கயிற்றைத் தொங்கவிட்டேன்.
மொச்சை வளைந்து போனான், நான் சொல்லாமலே.
ஒன்று. வாலடியில் மூக்கு.
இரண்டு. இவனுக்கு அவன்.
மூன்று. "மொச்சே" என்றேன், வந்துவிட்டான்.
இன்ஸ்பெக்டர் உடம்பை ஒரு முறை உதறினான்,
நனையாமலே நனைந்தவன்போல.
வேலிகாத்தான் புதரில் ஒருவன் காலைத் தூக்க
அதன் மேலேயே இன்னொருவன்.
அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததற்கு எனக்குக் கை நடுங்கியது.

அன்று மாலை பன்னிரண்டாம் அறைக்காரர்
உறையோடு படியேறி வந்தார்.
அணைத்திருக்கவில்லை, சுருட்டவுமில்லை,
இரண்டு விரலில் தொங்கவிட்டிருந்தார்.
மேசை முன் நின்று கொட்டாவி விட்டார்.
திரும்பவும் ஒன்று.
போய்த் தூங்குங்கள் என்று சைகை காட்டக்
கை எழுந்துவிட்டது.
இறக்கிக்கொண்டேன்.
முகத்தைக் கொஞ்சம் திருப்பி
ரிஜிஸ்தரைப் பிரித்து
எழுதாத பக்கம் ஒன்றை
வெகுநேரம் மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.