ஏழு விநாடி

நீங்கள் கேட்கும் குரல்
ஏழு விநாடி பழையது.
யாராவது கெட்ட வார்த்தை பேசினால்,
வேட்பாளர் பெயரோடு ஒரு தொகையையும் சேர்த்துச் சொன்னால்
சிவப்புப் பொத்தானை அழுத்த
எனக்குத் தரப்பட்ட அவகாசம் அது.

பங்சார், ஒன்பதாம் மாடி.
காலை ஐந்தே முக்காலுக்கே
பத்து இணைப்பும் மினுக்குகின்றன.
தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து
யாரும் பாட்டுக் கேட்பதில்லை.
நேற்று ஒரே ஒரு பையன்
பிறந்தநாள் வாழ்த்துக் கேட்டான்,
அதையும் விடவில்லை, நேரமில்லை.

"பேரு? எந்த இடம்? என்ன பேசப் போறீங்க?"
இதற்குள் தெரிந்துவிடும்.
தாளைப் பார்த்துப் படிப்பவர்
மூச்சு விடும் இடம் தப்பாக இருக்கும்.
கெப்போங் வீரையாவும்
காஜாங் தங்கப்பனும்
பெயர் சொல்ல விரும்பாத அம்பாங் நேயரும்
ஒரே ஆள்.
பின்னால் அதே காற்றாடி, அதே கிறீச்.
திங்களன்று 'நம்ம பிள்ளைங்களோட எதிர்காலம்'
புதனன்றும் அதே எதிர்காலம்
ஒரு கமா மாறாமல்.

அவரைக் காக்க வைப்பேன்.
எட்டு மணிக்கு மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து
இரண்டாம் இணைப்பைக் காட்டி
கட்டைவிரல் உயர்த்துவார்.
எதற்கு என்று நான் கேட்டதில்லை.
வீட்டுக் கடன் இன்னும் இருபத்திரண்டு வருடம்.

வியாழக்கிழமை, ஆறாம் இணைப்பு.
அமரஜோதி. செந்தூல் அடுக்குமாடி, பன்னிரண்டாம் மாடி.
லிஃப்ட் ஓடி ஐந்து மாதம்.
வாரம் மூன்று தடவை டயாலிசிஸ்;
புருஷனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
இரண்டு நேப்பாளப் பையன்கள் இறக்குகிறார்கள்.
"யாருக்கும் ஓட்டுக் கேட்டு நான் வரல.
கொடி கட்ட வந்தவங்க
பதினேழாம் மாடி வரைக்கும் நடந்தே ஏறினாங்க.
அன்னைக்குக் காலு இருந்துச்சு.
லிஃப்டுக்கு வந்த காசு..."
பிறகு ஒரு பெயரைச் சொன்னாள்.
பிறகு எவ்வளவு என்று.

அறிவிப்பாளர் தில்லைநாதன் என்னைப் பார்த்தார்.
நான் விளக்கைப் பார்த்தேன்.
என் விரல் யாரையும் பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டது:
கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடியுடன் மழை.

ஆனால் அவள் கைப்பேசி பதிந்துகொண்டிருந்தது.
மத்தியானத்துக்குள் அது ஐந்து குழுக்கள் வழியாக
எனக்கே வந்து சேர்ந்தது,
என் அத்தை ஒரு கும்பிடும் சேர்த்து அனுப்பியிருந்தாள்.
தொடக்கத்தில் என் குரல்: பேரு? எந்த இடம்?
முடிவில் ஒரு டொக்.
அவள் சொன்ன தொகையை மறந்துவிட்டார்கள்.
அந்த டொக்கைத்தான்
திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

சனிக்கிழமை, பள்ளிக்கூட வரிசை.
முன்னால் ஒருத்தி சொல்கிறாள்,
"கெப்போங்காரர் ஒருத்தர் ரேடியோல சொன்னாரே"
தப்பான இடத்தில் மூச்சு விட்டு.
இன்னொருத்தி போனை அவள் காதில் வைக்கிறாள்:
பேரு? எந்த இடம்?
நான் வாய் திறக்கவில்லை.
நல்லவேளை, உள்ளே
பெயரைக் குமாஸ்தாவே உரக்கப் படித்துவிடுகிறார்.
மையில் விரலை நனைத்தேன்.
வேறு விரல்தான், ஆனாலும்.

திங்கட்கிழமை மூன்றே மூன்று விளக்குகள்.
இரண்டாம் இணைப்பில் அந்தக் காற்றாடி.
"மகளுக்கு நாளைக்குப் பிறந்தநாள்,
ஒரு பாட்டுப் போட முடியுமாம்மா?"
தாள் இல்லாத குரல், கொஞ்சம் திக்கியது.
"பேரு?" என்றேன்.
யோசித்தார்.