முந்நூற்று நாற்பதுக்குப் பிறகு

கராகண்டாவில் நவம்பர்.
சுரங்கத் தொழிலாளிகள் கரி கழுவிய குளியல் கூடம்
இப்போது எங்கள் குத்துச்சண்டைக் கூடம்.
குழாய்கள் இன்னும் சொட்டுகின்றன.

ரொட்டி ஆலையில் இரவுப்பணி முடித்து
விரலிடுக்கில் மாவோடு வருவாள் ரவ்ஷான்.
கைப்பட்டையைச் சுற்றச் சுற்ற
தரையில் வெள்ளையாய் உதிரும்.

நாளுக்கு ஆயிரம் இடக்குத்து.
யாரும் சொன்னதில்லை, அவளே வைத்துக்கொண்ட கணக்கு.
நூறு முடிந்தால் நோட்டில் ஒரு குச்சி.
நான்கு நிற்க, ஐந்தாவது குறுக்கே.
ஏப்ரலில் தொடங்கிய நோட்டு
வியர்வையில் ஊதி
மூட மறுத்தது.
அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரும்தான்.
எந்தப் பக்கம் என்று யாரும் பார்ப்பதில்லை.

பாவ்லதாரில் மூன்றாம் சுற்றில் விழுந்தாள்.
திரும்பும் ரயிலில்
உதட்டில் பனிக்கட்டியை ஒற்றியபடி
"போதவில்லை மக்பால், இனி ஆயிரத்து இருநூறு" என்றாள்.

பிறகுதான் அந்தக் காணொளி.
என் புதுக் காலணியைத் தங்கைக்குக் காட்ட எடுத்தது.
அணைக்க மறந்துவிட்டேன்.
ஓரத்தில், பாதி உடம்பாக, ரவ்ஷான்
வாய்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
முந்நூற்று நாற்பதுவரை நூல் பிடித்த நேர்.
அடுத்ததில் முழங்கை
கோழிச் சிறகாய் வெளியே கிளம்புகிறது.
போன கை கன்னத்துக்குத் திரும்பாமல்
நெஞ்சருகே இறங்கி இளைப்பாறுகிறது.
அதன் மேலே ஒரு ஜன்னல் திறந்து கிடக்கிறது.

ஏழு முறை ஓட்டிப் பார்த்தாள்.
பாவ்லதார்க்காரியின் வலக்கை
எந்த வழியாய் உள்ளே வந்தது என்று
நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் முந்நூற்று நாற்பது சரி,
அறுநூற்று அறுபது பிழை.
உடம்புக்கு எண்ணத் தெரியாது.
அதிகம் கேட்டதை நம்பிக்கொள்கிறது.

இப்போது நூற்றிருபது.
ஆறு குத்து, மூச்சு, பிறகு ஆறு.
மிச்ச நேரம் அவளுக்குத் திருட்டுப் பொருள் போல.
பெஞ்சில் உட்கார்ந்து
எங்கள் பைகள் அதிர்வதைக் கேட்கிறாள்.
கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறாள்.

நேற்று என்னோடு மோதினாள்.
அவள் தோள் அசைந்ததைக் கண்டேனா, நினைவில்லை.
தலைக்கவசம் கோணி
ஒரு கண்ணில் பஞ்சும் இருட்டும்.
"அது எத்தனையாவது?" என்றேன்.
எண்ணவில்லையாம்.

நோட்டைப் பிரித்து ஒரே ஒரு குச்சி போட்டாள்.
கொஞ்சம் யோசித்தாள்.
கை திரும்பியது ஒரு விரற்கடை தாழ்வாகத்தான்
என்று சொல்லி
அதையும் அடித்துவிட்டாள்.